வீட்டுக்குள் ஜிம்... கரன்ட் பத்திரமா?

சர்க்கரை ரிப்போர்ட் கைக்கு வந்ததும், "இனிமே தினமும் நடந்தே ஆகணும்" என்று சபதம் எடுக்கிறோம். நாலு நாள் தெருவில் நடக்கிறோம். ஐந்தாம் நாள் மழை. ஆறாம் நாள் நாய் துரத்துகிறது. ஏழாம் நாள், "பேசாம வீட்டுலயே ஒரு ட்ரெட்மில் வாங்கிப் போட்டுடலாமே!" என்று யோசனை பிறக்கிறது. பண்டிகைத் தள்ளுபடியோ, மாதத் தவணையோ, எப்படியோ மெஷின் வீட்டுக்கு வந்து இறங்கிவிடுகிறது.

வந்ததும் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "ஹாலில் வைக்கலாமா, பெட்ரூமில் வைக்கலாமா?" "டி.வி. தெரியுமா?" இவ்வளவுதான்! "இதை எந்த பிளக்கில் செருகுவது?" என்று கேட்பவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் செல்போன் சார்ஜ் ஏற்றும் பிளக் இருக்கும். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் ட்ரெட்மில். சுபம்!

'சித்த வைத்தியருக்குக் கரன்ட் பற்றி என்ன பேச்சு?' என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

லேகியம் கேட்டு வந்தவர்

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் என்னிடம் வந்தார். பணி ஓய்வு பெற்றவர். "டாக்டர் சார், ரெண்டு கையிலயும் எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுங்குது. சர்க்கரை வேற இருக்கு. நரம்புத் தளர்ச்சியா இருக்குமோ? வாதத்துக்கு ஏதாவது லேகியம் குடுங்க" என்றார்.

நாடி பார்த்தேன். கழுத்தைப் பரிசோதித்தேன். சர்க்கரை கட்டுப்பாட்டில்தான் இருந்தது. எந்நேரமும் இருக்கிறதா என்று விசாரித்தால், இல்லையாம். "காலையில ட்ரெட்மில்லுல நடந்து முடிச்சு, கீழே இறங்கி, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குவேன். அப்பதான் வருது. கையை எடுத்தா போயிடுது."

"காலில் செருப்பு?"

"வெறுங்கால்தான். மொசைக் தரை ஜில்லுனு சுகமா இருக்கும்!"

"வீட்டில் அம்மாவுக்கு அப்படி ஏதும்...?"

"தரை துடைக்கறப்ப மெஷின்ல கை பட்டு சுருக்குனு இருந்துச்சுன்னு சொன்னா. வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்னு நான்தான் சொன்னேன்."

நான் லேகியம் எழுதவில்லை. "முதல்ல ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் மெஷினைத் தொடாதீங்க" என்று அனுப்பிவைத்தேன். பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை! வெறும் ஓட்டை. மெஷினில் இருந்து கசிந்த மின்சாரம் தரைக்குப் போக வழி தெரியாமல் அவர் உடம்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எர்த் வயர் இழுத்ததும் 'நரம்புத் தளர்ச்சி' அன்றோடு சரி!

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ட்ரெட்மில்லைத் தொட்டதும் ஒரே ஒரு முறை 'பட்' என்று பொறி தட்டினாற்போல் இருந்து, உடனே நின்றுவிட்டால் அது பெரும்பாலும் பெல்ட் உராய்வதால் சேரும் நிலைமின்சாரம். தொட்டுக்கொண்டிருக்கும் வரை 'விர்ர்' என்று குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தால் அது கசிவு. இரண்டாவதை ஒருநாளும் அலட்சியம் செய்யாதீர்கள்.

வியர்த்த உடம்பு... வெறுங்கால்!

மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் வீட்டில் ஓடத்தானே செய்கின்றன, ட்ரெட்மில்லுக்கு மட்டும் என்ன தனி ஜாக்கிரதை? வித்தியாசம் மெஷினில் மட்டும் இல்லை, நம் உடம்பிலும் இருக்கிறது.

நம் தோல் காய்ந்திருக்கும்போது மின்சாரத்தை லேசில் உள்ளே விடாது. அதன் தடை பல ஆயிரம் ஓம் முதல் லட்சம் ஓம் வரைகூட இருக்கும். வியர்வை என்பது உப்பு கலந்த தண்ணீர். தோல் நன்றாக நனைந்துவிட்டால் இந்தத் தடை சுமார் ஆயிரம் ஓம் அளவுக்குச் சரிந்துவிடலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர்.

அது எவ்வளவு பெரிய அளவு தெரியுமா? 1 மில்லி ஆம்பியர் போனாலே குறுகுறுப்பு தெரியும். சுமார் 10 மில்லி ஆம்பியரில் கைத் தசை இறுகிக்கொள்ளும். பிடித்ததை விட முடியாது. 'கரன்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு' என்று சொல்கிறோமே, அது இதுதான். கரன்ட் இழுப்பதில்லை, நம் தசைதான் விட மறுக்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவில் மூச்சு முட்டும். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் மார்பு வழியாகப் பாய்ந்தால், இதயம் தாளம் தப்பித் துடித்து நின்றுபோகலாம்.

இதயம் துடிப்பதே தனக்குள் உண்டாகும் மிகச் சிறிய மின் துடிப்பால்தான். வெளியில் இருந்து வரும் பெரிய மின்சாரம் அந்தத் தாளத்தைக் கலைத்துவிடுகிறது. இரண்டு கையாலும் கைப்பிடியை இறுகப் பற்றி, வியர்த்த உடம்போடு, வெறுங்காலோடு நிற்கும் ஒரே இடம் வீட்டு ஜிம். அதனால்தான் இத்தனை பேச்சு!

மெஷின் எவ்வளவு கரன்ட் குடிக்கும்?

எல்லா மெஷினும் ஒன்றல்ல. வீட்டில் மிதிக்கும் சைக்கிள் பெரும்பாலும் பிளக்கே இல்லாமல் ஓடும். சிலவற்றுக்குச் சின்ன அடாப்டர் போதும். டம்பெல்ஸ், பளு தூக்கும் பெஞ்ச் இவற்றுக்குக் கரன்ட்டே தேவையில்லை. வில்லன் ட்ரெட்மில்தான்.

அதன் மோட்டாரைக் குதிரைத்திறனில் சொல்வார்கள். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். தொடர்ந்து 2 குதிரைத்திறன் தரும் மோட்டார் என்றால் சுமார் 1,500 வாட். மோட்டாரிலும் சர்க்கியூட்டிலும் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், முழு வேகத்தில், கனமான ஆள் ஓடும்போது 1,800 வாட்டைத் தாண்டலாம். 230-ஆல் வகுத்துப் பாருங்கள், 8 ஆம்பியர் வருகிறது. கிளம்பும்போதும், ஓடும் ஆள் அழுந்த மிதிக்கும்போதும் இதைவிட அதிகமாக இழுக்கும். வோல்டேஜ் குறைந்தாலும் இழுக்கும் ஆம்பியர் கூடும்.

கடையில் '4 குதிரைத்திறன், 5 குதிரைத்திறன்' என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரு கணம் எட்டும் உச்ச அளவு. 'தொடர்ந்து எவ்வளவு?' என்று கேட்டு வாங்குங்கள். மெஷினின் முன்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் வோல்ட், வாட், ஆம்பியர் எழுதியிருக்கும். அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரீஷியனுக்கு அதுதான் ஜாதகம்!

மின்கட்டணம் பற்றிப் பயப்பட வேண்டாம். நடக்கிற வேகத்தில் மெஷின் சராசரியாக அரை கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் அரை மணி நேரத்துக்குக் கால் யூனிட். இரண்டு மாதத்துக்குப் பதினைந்து யூனிட். பில்லைவிட ஆபத்து கொடுப்பது வயரிங்தான்.

அந்தச் சின்ன பிளக் ஆகாது!

நம் வீடுகளில் இரண்டு வகை பிளக் பாயின்ட் உண்டு. சின்னது 6 ஆம்பியர். நாம் இன்னும் '5 ஆம்ப்ஸ் பிளக்' என்றே சொல்கிறோம். பெரியது 16 ஆம்பியர். '15 ஆம்ப்ஸ்', 'பவர் பிளக்' என்போம். ஏ.சி., கீசருக்குப் போடுவது. ட்ரெட்மில்லுக்குப் பெரிய பிளக்தான் வேண்டும். 8 ஆம்பியர் இழுக்கும் மெஷினை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் என்ன ஆகும்? ஒரே நாளில் ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து! தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும். உள்ளே பித்தளைப் பிடிப்பு தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு. பிளக் பழுப்பாகும், பிளாஸ்டிக் உருகும் வாசனை வரும். ஒருநாள் புகை!

ட்ரெட்மில்லோடு வரும் பெரிய பிளக், சின்ன பாயின்ட்டில் நுழையாது. உடனே கடைக்குப் போய்ப் பெரியதைச் சின்னதாக்கும் கன்வெர்ஷன் பிளக் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறோம். தயவுசெய்து வேண்டாம். நுழையாமல் இருப்பதே உங்களைக் காப்பாற்றத்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படியே. அதன் மெல்லிய வயர் சீரியல் பல்புக்குத்தான் லாயக்கு. ட்ரெட்மில்லின் வயரை நேராகச் சுவரில் உள்ள பாயின்ட்டில் செருக வேண்டும். எட்டவில்லையா? மெஷினை நகர்த்துங்கள், அல்லது பாயின்ட்டை நகர்த்துங்கள். நடுவில் தரகர் வேண்டாம்!

இன்னொரு விஷயம். த்ரீ பின் பிளக்கில் எர்த் முள் மட்டும் ஏன் நீளமாக, தடிமனாக இருக்கிறது? செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. அந்த முள் இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை ஒடித்துவிட்டுச் செருகுபவர்கள் உண்டு. அவர்கள் உடைப்பது முள்ளை அல்ல, பாதுகாப்பை.

தனி வயர், தனி எம்.சி.பி.

ட்ரெட்மில் பாயின்ட்டுக்கு மெயின் போர்டில் இருந்து தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். லைட், ஃபேனுக்குப் போகும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இருந்து கிளை எடுக்கக் கூடாது. குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும். மெயின் போர்டில் இருந்து தூரம் அதிகம் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் நல்லது. ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயரும் போக வேண்டும். 'எர்த் பழசுலயே இருக்கு சார்' என்று இரண்டோடு நிறுத்த விடாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள வயர்தானா என்று நீங்களே பாருங்கள்.

அந்த வயருக்கு மெயின் போர்டில் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று. இதிலும் 'பி', 'சி', 'டி' என்று வகைகள் உண்டு. 'பி' வகை, மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் திடீர் கரன்ட்டுக்கே விழுந்துவிடலாம். 'சி' வகை அந்தக் கணநேர இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும். மோட்டாருக்கு அதுதான் ஏற்றது. சிலர், 'அடிக்கடி விழுதே' என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டுக்கொள்வார்கள். காய்ச்சல் காட்டும் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டால் காய்ச்சல் போய்விடுமா? எம்.சி.பி. விழுவது நோயின் அறிகுறி. நோயைத் தேடுங்கள். பழைய வீடுகளில் ஃப்யூஸ் கேரியரில் தடித்த கம்பியைக் கட்டிவைப்பதும் இதே கதைதான்.

மின்வாரியம் உங்கள் வீட்டுக்கு அனுமதித்திருக்கும் மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். கீசர் 2,000 வாட், ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1,500 வாட், இப்போது ட்ரெட்மில் 1,800 வாட். காலை ஆறு மணிக்கு மூன்றும் ஓடினால் 5 கிலோவாட்டைத் தாண்டிவிடும்! அனுமதித்த அளவு போதாவிட்டால் முறைப்படி விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸ் உள்ள வீடு என்றால் ஏ.சி.யையும் ட்ரெட்மில்லையும் வெவ்வேறு ஃபேஸில் போடச் சொல்லுங்கள்.

எம்.சி.பி. வீட்டைக் காக்கும்... உங்களைக் காப்பது எது?

இது பலருக்குத் தெரியாத விஷயம். 'எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கு, ஷாக் அடிக்காது' என்பார்கள். தவறு! எம்.சி.பி. காப்பது வயரை. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது அசையும். உங்கள் உயிரைப் பறிக்க 0.1 ஆம்பியரே போதும். அந்த அளவு எம்.சி.பி.யின் கண்ணில் படவே படாது.

உங்களைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு கருவி. 'லீக்கேஜ் டிரிப்பர்' என்றும் சொல்வார்கள். ஃபேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது இடைவிடாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், அந்தக் குறைந்த பகுதி யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறதோ என்று சந்தேகப்பட்டு, கரன்ட்டைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அதிகபட்சம் நொடியில் பத்தில் மூன்று பங்குக்குள் துண்டிக்க வேண்டும். கசிவு பெரிதானால் இன்னும் வேகம்.

கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுக்கத்தான் பெரும்பாலும் உதவும். மனிதரைக் காக்க 30 மில்லி ஆம்பியர்தான் வேண்டும். ட்ரெட்மில்லில் மோட்டாரை ஓட்டும் எலெக்ட்ரானிக் சர்க்கியூட் இருப்பதால், 'ஏ.சி.' வகையைவிட 'ஏ' வகை பொருத்தம். வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. இருந்தால், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ட்ரெட்மில் என்று ஒவ்வொன்றின் சின்னச் சின்னக் கசிவும் சேர்ந்து, காரணமே தெரியாமல் வீடே இருண்டுபோகும். அதனால் ஜிம்முக்கு எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. தனியாகப் போட்டுவிடுவது நல்லது. ட்ரெட்மில் விலையோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவுதான்.

அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது!

ஒரு எச்சரிக்கை. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் தொட்டால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. அதனால் மூடியைக் கழற்றிக் கைவிட்டுப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம்.

எர்த் இருக்கிறதா, இருப்பது போல் இருக்கிறதா?

மெஷினின் இரும்புச் சட்டத்தில் மின்சாரம் கசிந்தால், அது நம்மைத் தேடாமல் மண்ணுக்குப் போய்ச் சேர ஒரு ராஜபாட்டை வேண்டும். அதுதான் எர்த். பல பழைய வீடுகளில் மூன்று துளை பாயின்ட் இருக்கும், மூன்றாவதில் வயர் இருக்காது. இன்னும் சில இடங்களில் அதைவிட மோசம்... நியூட்ரல் வயரையே எர்த் துளையோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள். டெஸ்ட் பல்ப் போட்டால் எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். ஒருநாள் நியூட்ரல் அறுந்தால், மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும்!

எனவே, எலெக்ட்ரீஷியனிடம் எர்த் வயர் எர்த் குழி வரை போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் மெகர் கருவியால் அளந்து பார்த்தால் உத்தமம். தனி வீடு என்றால் எர்த் குழியில் கோடைக்காலத்தில் வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும். செடிக்கு ஊற்றும் கையோடு அதற்கும் ஒரு குடம்! அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கக் கூட்டத்தில், பெயின்ட் அடிக்கும் பேச்சுக்கு முன்னால் எர்த் பேச்சை எடுங்கள்.

எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் கணவன் மனைவி மாதிரி. எர்த் இருந்தால், நீங்கள் தொடுவதற்கு முன்பே கசிவு தரைக்குப் போய் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் நீங்கள் தொட்ட பிறகுதான் விழும். இரண்டும் வேண்டும்.

எங்கே வைக்கலாம்?

பாத்ரூம் கதவுக்கு எதிரே, வாஷிங் மெஷின் பக்கத்தில், ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்தில் வேண்டாம். பால்கனியில் காற்று வரும்தான், சாரலும் வரும். மொட்டை மாடி ஷெட்டும் அப்படியே. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் பாயின்ட் வைக்காதீர்கள்.

பிளக் பாயின்ட் மெஷினின் முன்பக்கம், மோட்டார் இருக்கும் பக்கம், தரையில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில், எளிதில் கை எட்டும் சுவிட்ச்சோடு இருக்கட்டும். வயர் மெஷினுக்கு அடியிலோ, ரப்பர் விரிப்புக்கு அடியிலோ போகக் கூடாது. மெஷினுக்குப் பின்னால் ஆறு அடி காலி இடம் விடுங்கள். தடுமாறினால் சுவரில் மோதாமல் இருக்க. அடியில் ரப்பர் விரிப்பு போடுவது நல்லதுதான், அதிர்வு குறையும். ஆனால் அது எர்த்துக்கு மாற்று இல்லை.

ஷூ போட்டுத்தான் நடக்க வேண்டும். ஈரத் துண்டை டிஸ்பிளே மேல் போடாதீர்கள். தண்ணீர் பாட்டிலுக்கு மூடி அவசியம். வீட்டில் தரை துடைக்க வருகிறவரிடம், "பிளக்கைப் பிடுங்கியிருக்கான்னு பாத்துட்டுத் துடைங்கம்மா" என்று மறக்காமல் சொல்லுங்கள். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கப்போவது அவர்தான். உங்களுக்கு இருக்கிற பாதுகாப்பு அவருக்கும் வேண்டாமா?

கரன்ட் போனால்... வோல்டேஜ் குறைந்தால்...

வீட்டு இன்வெர்ட்டரில் ட்ரெட்மில்லை இணைக்கவே கூடாது. நாலு ஃபேன், நாலு லைட்டுக்கான இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. அடுக்குமாடி ஜெனரேட்டர் லைனும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் பெல்ட் நின்றுவிடும், உடம்பு முன்னால் பாயும். அதனால் வயதானவர்கள் கைப்பிடிக்கு எட்டும் தூரத்திலேயே நடங்கள். கரன்ட் போனதும் சாவியை எடுத்துவிட்டு, சுவிட்ச்சை அணைத்துவிட்டு இறங்குங்கள்.

கோடையில் மாலை வேளையில் வோல்டேஜ் இறங்கும் பகுதியா? ஸ்டெபிலைசர் தேவைப்படலாம். 1,800 வாட் மெஷினுக்கு 3 கே.வி.ஏ. போல் சற்றுக் கூடுதல் திறன் உள்ளதாகப் பாருங்கள். பழைய டி.வி. ஸ்டெபிலைசரைத் தூசி தட்டி மாட்டாதீர்கள்!

நல்லெண்ணெய் நமக்கு, சிலிக்கான் மெஷினுக்கு

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயைச் சிபாரிசு செய்பவன்தான் நான். அதற்காக மிச்சத்தை ட்ரெட்மில் பெல்ட்டுக்கு ஊற்றாதீர்கள்! தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் கூடாது. சிலிக்கான் எண்ணெய்தான், மெஷினோடு வந்த புத்தகத்தில் சொன்ன இடைவெளியில். பெல்ட் காய்ந்தால் உராய்வு கூடும். மோட்டார் திணறும். கரன்ட் அதிகம் இழுக்கும். எம்.சி.பி. விழும், அல்லது உள்ளே போர்டு எரியும். முடி, தூசி, நூல் எல்லாம் மோட்டார் பக்கம் சேரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுற்றிலும் சுத்தம் செய்யுங்கள். மூடியைத் திறப்பது மெக்கானிக் வேலை.

நடந்து முடித்ததும் பிளக் மேல் லேசாகப் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, பழுப்பு நிறம், கருகல் வாசனை... இதில் ஒன்று இருந்தாலும் அன்றே நிறுத்துங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்பது எங்கள் மருத்துவத்தில் உள்ள வழக்கம். மெஷினுக்கும் அன்று லீவு விடுங்கள்.

இன்னொரு வார்த்தை. ஜிம் மூலையிலேயே நீராவிக் குளியல் கூடாரம், கரன்ட் ஒத்தடப் பை என்று சேர்ந்துகொண்டே போகிறது. நாங்கள் வேது, ஒற்றடம் என்று சொல்வதுதான். வேது நல்லது, ஆனால் ஈர உடம்பும் கரன்ட்டும் சேரும் இடம் அது. ஆர்.சி.சி.பி. இல்லாத பாயின்ட்டில் மாட்டவே கூடாது. ஒத்தடப் பையை மடித்துப் படுக்கைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் அதைத் தொடவே வேண்டாம். சுடுவது தெரியாமல் கொப்புளம் வந்துவிடும்.

பிஞ்சுக் கைகள் ஜாக்கிரதை

2021-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் 'ட்ரெட் பிளஸ்' என்ற ட்ரெட்மில்களைத் திரும்பப் பெற்றது. சுமார் 1,25,000 மெஷின்கள். அதில் சிக்கி ஒரு குழந்தை இறந்ததும், பலர் காயப்பட்டதும் காரணம். ஓடும் பெல்ட் பின்பக்கத்தில் எதையும் உள்ளே இழுக்கும். குழந்தைகளுக்கோ அது விளையாட்டுச் சாமான்!

ஆகவே, பயிற்சி முடிந்ததும் மூன்று காரியம். சாவியை எடுத்து உயரத்தில் வையுங்கள். சுவிட்ச்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் லீவு நாளில் இது கட்டாயம்.

ஷாக் அடித்துவிட்டால்?

பதறிப்போய் ஓடிப் பிடிக்காதீர்கள். உங்களையும் சேர்த்துப் பிடிக்கும். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, காய்ந்த மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால் அவரை விலக்குங்கள். உடனே 108-க்குப் போன்.

மூச்சு இல்லையா? மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குலம் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். சில ஊர்களில் ஈர மண்ணில் படுக்க வைப்பார்கள். அதில் பயன் இல்லை, பொன்னான நேரம்தான் போகும்.

'லேசாத்தான் அடிச்சுது, இப்ப ஒண்ணும் இல்லை' என்று விட்டுவிடாதீர்கள். மார்பு படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ, தீப்புண் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். இதய நோயாளியோ, கர்ப்பிணியோ என்றால் எவ்வளவு லேசாக அடித்திருந்தாலும் போக வேண்டும். ஒரு சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்... இந்த இடத்தில் கஷாயமும் வேண்டாம், சூரணமும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி!

எலெக்ட்ரீஷியன் வந்தால் கேட்க வேண்டியவை

கத்தரித்து ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்:

1. மெஷின் சீட்டில் உள்ள ஆம்பியருக்கு ஏற்ற 16 ஆம்பியர் பாயின்ட்டா?
2. மெயின் போர்டில் இருந்து தனி வயரா? 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையவில்லையே?
3. 'சி' வகை 16 ஆம்பியர் எம்.சி.பி.யா?
4. 30 மில்லி ஆம்பியர், 'ஏ' வகை ஆர்.சி.சி.பி. உண்டா? பொத்தானை அழுத்திக் காட்டினாரா?
5. எர்த் வயர் குழி வரை போகிறதா? நியூட்ரலோடு முடிச்சுப் போடவில்லையே?
6. வீட்டின் மொத்த மின்பளு அனுமதித்த அளவுக்குள்தானா?

லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் இந்தப் பட்டியலைக் காட்டிப் பேசுங்கள். அவர் வீட்டுச் சுவருக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது.

இவ்வளவும் செய்ய இப்போது வசதிப்படவில்லையா? ஒன்றும் குறைந்துபோகவில்லை. மெஷினை மூடி வையுங்கள். வயரிங் முடியும்வரை காலை வெயிலில் தெருவில் நடங்கள், மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடங்கள், தெரிந்தவரிடம் நாலு ஆசனம் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் பிளக்கும் வேண்டாம், பில்லும் வராது.